ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு நாலு ஸ்பானிஷ் வினை: எதை எடுப்பது?

வலென்சியாவில் குடியேறிய முதல் மாதமே வாஷிங் மெஷின் நின்றுபோனது. வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டு, பத்துத் தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "லா லவதோரா நோ த்ரபாஹா." ஒரு நொடி அமைதி. அப்புறம் சிரிப்பு. "அதற்கும் வேலை போய்விட்டதா?" என்றார்.

த்ரபஹார் என்பது ஆள் வேலை பார்ப்பது. மெஷின் ஓடுவதற்கு ஃபுன்ஸியொனார் என்று வேறு வினை இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வொர்க்' போதும். நம் வீட்டிலும் ஃபேன் 'வேலை செய்யவில்லை' என்றுதான் சொல்கிறோம். அதனால் இங்கே ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை. அகராதியில் 'வொர்க்' என்று தேடினேன், முதலில் வந்ததை எடுத்தேன், அவ்வளவுதான்.

ஸ்பானிஷ் படிக்க வரும் தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வருகிறோம். ஆப், பாடப்புத்தகம், வகுப்பு எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். சில ஆங்கில வினைகளுக்கோ வயிறு பெரிது. டேக், லீவ், நோ, ஆஸ்க் எல்லாம் ஏழெட்டுப் பொருளை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். ஸ்பானிஷுக்குள் நுழைந்ததும் அந்த ஏழெட்டும் தனித்தனி வினைகளாகப் பிரிந்துவிடும். அவற்றில் எதை எடுப்பது என்று தடுமாறும்போது நான் போகும் வழியை இங்கே எழுதுகிறேன்.

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில், லத்தீன் அமெரிக்க உச்சரிப்பை ஒட்டி எழுதியிருக்கிறேன். 'க்வ', 'ப்வ' தவிர, 'வ' வரும் மற்ற இடங்களில் 'அம்பு' என்பதில் வரும் பு போல உதட்டைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதல் படி: ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டு, முழு வாக்கியத்தையும் தமிழில் சொல்லுங்கள்

ஒற்றைச் சொல்லை மொழிபெயர்க்காதீர்கள். நீங்கள் சொல்ல வந்ததை வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படி ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். ஆங்கிலம் ஒட்டி வைத்ததைத் தமிழ் பல இடங்களில் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது.

'ப்ளே' என்பதைப் பாருங்கள். பந்து விளையாடுகிறோம், வீணை வாசிக்கிறோம். ஸ்பானிஷிலும் விளையாடுவது ஹுகார், வாசிப்பது தொக்கார். 'ரிட்டர்ன்' என்றால் நமக்குத் திரும்பு வேறு, திருப்பிக் கொடு வேறு. அங்கே வொல்வேர், தெவொல்வேர். 'ட்ரை' இன்னும் சுவாரசியம். சூப்பைக் 'குடித்துப் பார்', சட்டையைப் 'போட்டுப் பார்' என்று நாம் 'பார்' சேர்க்கிற இடத்தில் ஸ்பானிஷ்காரர்கள் ப்ரொபார் சொல்வார்கள். துணிக்கடை டிரையல் ரூமில் நம் மேல் போட்டுப் பார்ப்பது என்றால் ப்ரொபார்ஸே. முயற்சி செய்வதற்கு இன்தென்தார். ஆங்கிலம் வழியாகப் போனால் இந்தப் பிரிவை மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழ் வழியாகப் போனால் அது ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது.

இரண்டாம் படி: 'இரு' வருகிறதா, வரவில்லையா?

புதிதாக வருபவர்களை அதிகம் படுத்துவது ஆங்கிலத்தின் 'பி' வினை. அதாவது ஈஸ், ஆம், ஆர் கூட்டம். ஸ்பானிஷில் இதற்கு ஸேர், எஸ்தார் என்று இரண்டு. கூடவே 'ஆய்', தெனேர் என்று இன்னும் இரண்டு வந்து சேரும். வகுப்பில் சொல்லித்தரும் விதி இதுதான்: நிரந்தரமானது என்றால் ஸேர், தற்காலிகம் என்றால் எஸ்தார். இந்த விதியை நம்பாதீர்கள் என்றே சொல்வேன். மாட்ரிட் ஸ்பெயினில் இருப்பது நிரந்தரம்தான், ஆனால் அதற்கு எஸ்தார். மணி மூன்று என்பது ஒரு நிமிடம்கூட நிற்காது, அதற்கு ஸேர். செத்துப்போனவருக்கும் எஸ்தார்தான் வரும். சாவைவிட நிரந்தரம் என்ன இருக்கிறது?

தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நான் ஆசிரியர்.' 'இன்று திங்கட்கிழமை.' 'மணி மூன்று.' 'இது என்னுடையது.' ஒன்றிலும் வினைச்சொல் இல்லை. பெயரும் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலே நமக்கு வாக்கியம் முடிந்துவிடுகிறது. இப்படி வினையே இல்லாமல் முடியும் இடம்தான் ஸேருக்கு உரிய இடம்: "ஸோய் ப்ரொஃபெஸோர்", "ஓய் எஸ் லூனெஸ்", "ஸோன் லாஸ் த்ரெஸ்". இப்போது 'மாட்ரிட் ஸ்பெயினில் இருக்கிறது', 'நான் களைப்பாக இருக்கிறேன்' என்று சொல்லுங்கள். 'இரு' வந்துவிட்டது. அங்கே எஸ்தார்: "எஸ்தோய் கன்ஸாதோ."

இந்தச் சோதனை ஒரு நுணுக்கமான இடத்திலும் நிற்கிறது. இடத்தைச் சொல்ல எஸ்தார் என்றாலும், நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கு ஸேர் வர வேண்டும். ஆங்கிலம் வழியாக வருபவர்கள் இதில் வருஷக்கணக்கில் தப்பு செய்வார்கள். நாமோ 'கல்யாணம் செவில்லில்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம், 'கல்யாணம் செவில்லில் இருக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. ஸ்பானிஷிலும் "லா போதா எஸ் என் செவீயா" என்று ஸேர்தான்.

சோதனை தடுமாறும் இடமும் உண்டு. 'அவள் உயரமாக இருக்கிறாள்', 'அவள் களைப்பாக இருக்கிறாள்' இரண்டிலும் 'இரு' வருகிறது. ஸ்பானிஷில் முதலாவது ஸேர், இரண்டாவது எஸ்தார். இங்கே இன்னொரு படி இறங்க வேண்டும். 'ஆக இருக்கிறாள்' என்பதை 'ஆனவள்' என்று மாற்ற முடிகிறதா பாருங்கள். 'அவள் உயரமானவள்' சரியாக இருக்கிறது, எனவே ஸேர். 'அவள் களைப்பானவள்' என்று யாரும் சொல்ல மாட்டோம், எனவே எஸ்தார்.

இதே இடத்தில் ஒரு சொல்லைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். வெர்தே என்றால் பச்சை. ஸேரோடு வந்தால் நிறம் பச்சை. எஸ்தாரோடு வந்தால் பழுக்கவில்லை என்று பொருள். "எல் மாங்கோ எஸ்தா வெர்தே" என்று மெக்ஸிகோ சந்தையில் கேட்டபோது எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாங்காய் இன்னும் பச்சையாக இருக்கிறது என்று நாமும் அதைத்தானே சொல்கிறோம்? லீஸ்தோவும் இப்படித்தான்: ஸேரோடு வந்தால் கெட்டிக்காரன், எஸ்தாரோடு வந்தால் தயாராக இருக்கிறான்.

மிச்சம் இருக்கும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'பக்கத்தில் ஒரு பேங்க் இருக்கிறதா?' என்று, உண்டா இல்லையா என்றே தெரியாமல் கேட்டால் 'ஆய்': "ஆய் ஊன் பாங்கோ போர் அக்கீ?" 'அந்த பேங்க் எங்கே இருக்கிறது?' என்று தெரிந்த ஒன்றைக் கேட்டால் எஸ்தார்: "தோன்தே எஸ்தா எல் பாங்கோ?" 'ஒரு' பொருந்தினால் ஆய், 'அந்த' பொருந்தினால் எஸ்தார். வாக்கியம் 'எனக்கு', 'என்னிடம்' என்று தொடங்கினால் பெரும்பாலும் தெனேர். எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள், எனக்குப் பசிக்கிறது, எனக்கு இருபது வயது: மூன்றும் "தெங்கோ" என்றே தொடங்கும். வயதில் மட்டும் கவனம் தேவை. வினை இல்லையே என்று ஸேர் போடக் கை வரும். 'எனக்கு' இருக்கிறது என்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தமிழும் ஒட்டி வைத்திருக்கிறதா? அப்படியானால் வினையைச் சுற்றி என்ன நிற்கிறது என்று பாருங்கள்

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. 'கேள்' என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலமாவது 'ஆஸ்க்' ஒன்று, காதால் கேட்பதற்கு இரண்டு என்று வைத்திருக்கிறது. நாமோ கேள்வி கேட்கிறோம், கடன் கேட்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், மழைச் சத்தம் கேட்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். ஸ்பானிஷில் இவை நான்கும் நான்கு வினைகள்.

இங்கே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கேட்டு முடித்ததும் என் கைக்கு என்ன வர வேண்டும்? பதில் வர வேண்டும் என்றால் ப்ரெகுன்தார். பொருளோ உதவியோ வர வேண்டும் என்றால் பெதீர். ஓட்டலில் பில் கேட்பது "பெதீர் லா க்வென்தா". சாப்பாடு ஆர்டர் செய்வதும் பெதீர்தான். நான் ஆரம்பத்தில் ஒரு காபிக் கடையில் காபியை ப்ரெகுன்தார் செய்திருக்கிறேன். காபியைப் பார்த்துக் கேள்வி கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். காதைக் கொடுத்துக் கேட்டால் எஸ்குச்சார். தானாக வந்து காதில் விழுந்தால் ஒஈர். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ப்ரெகுன்தாரோடு 'போர்' சேர்ந்து ஒரு ஆளின் பெயர் வந்தால், அது நாம் 'விசாரித்தேன்' என்று சொல்கிற கேட்டல்.

'தெரியும்' அடுத்தது. ஸபேர், கொனொஸேர் இரண்டும் 'நோ'தான், தமிழிலும் இரண்டும் 'தெரியும்'தான். வினைக்கு முன்னால் நிற்பதைப் பாருங்கள். எங்கே, எப்படி, யார், என்று மாதிரி ஒரு வாக்கியத் துண்டு நின்றால் ஸபேர். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும், கடை மூடியிருக்கிறது என்று தெரியும் என்பதெல்லாம் இந்த வகை. ஆளோ ஊரோ நின்றால் கொனொஸேர். ஆளாக இருந்தால் பெயருக்கு முன் ஒரு 'ஆ' போட வேண்டும்: "கொனொஸ்கோ ஆ மரீயா." நம் 'ஐ' உருபு செய்கிற வேலையை அங்கே இந்த 'ஆ' ஆட்களுக்கு மட்டும் செய்கிறது. பாடம், பதில், மொழி மாதிரி பெயர்ச்சொல் வந்தால்? வாயால் சொல்லிக் காட்டக்கூடியது, செய்து காட்டக்கூடியது என்றால் ஸபேர். பழகித்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால் கொனொஸேர். 'பழக்கம்' என்று மாற்றிச் சொல்ல முடிகிறதா என்பது நல்ல சோதனை.

இதே ஸபேர் வேறொரு இடத்தில் நமக்கு உதவிக்கு வரும். ஆங்கிலத்தில் 'கேன்' என்று ஒன்றாகக் கிடப்பதை நாம் 'நீந்தத் தெரியும்', 'நீந்த முடியும்' என்று பிரிக்கிறோம். ஸ்பானிஷும் பிரிக்கிறது. கற்றுவைத்த திறமைக்கு ஸபேர், இப்போது முடிகிறதா என்பதற்குப் பொதேர். "ஸே நதார், பெரோ ஓய் நோ ப்வேதோ": எனக்கு நீந்தத் தெரியும், ஆனால் இன்று முடியாது. ஆங்கிலத்தை நம்பி வருகிறவர்கள் இரண்டுக்கும் பொதேர் போட்டுக்கொண்டிருக்கும்போது, நீங்கள் யோசிக்காமலே சரியாகச் சொல்லிவிட்டுப் போவீர்கள்.

கடந்த காலத்தில் இவை இரண்டும் கொஞ்சம் நிறம் மாறும். கொனொஸீ என்றால் பொதுவாக 'முதல் தடவை சந்தித்தேன், அறிமுகமானார்'. ஸூப்பே என்றால் 'தெரிய வந்தது'. ஒருவரை 2019இல் முதன்முதலாகச் சந்தித்தீர்கள் என்றால் அதற்குக் கொனொஸேரே போதும், வேறு வினை தேட வேண்டாம்.

தெஹாரும் 'விடு'வும்

இது படிகளில் சேராது. ஆனாலும் நின்று பார்க்க வேண்டிய இடம். 'லீவ்' என்பதற்கு அகராதி தரும் பட்டியலில் தெஹார், ஸலீர், ஈர்ஸே மூன்றும் முன்னால் இருக்கும். இதில் தெஹாரைப் பார்த்துத்தான் பலர் மிரளுகிறார்கள், ஏனென்றால் அதற்கு விட்டுச்செல்வது, அனுமதிப்பது, நிறுத்துவது என்று சம்பந்தமே இல்லாத மாதிரி ஆங்கிலப் பொருள்கள் வரிசையாக இருக்கும். தமிழில் வைத்துப் பாருங்கள்:

"தெஹே லாஸ் யாவெஸ் என் காஸா": சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.
"தெஹோ தே ஃபுமார்": சிகரெட் பிடிப்பதை விட்டுவிட்டார்.
"தேஹமே அப்லார்": என்னைப் பேச விடு.
"நோ மே தேஹன் என்த்ரார்": என்னை உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள்.
"தேஹமே என் பாஸ்": என்னை நிம்மதியாக விடு.

ஐந்திலும் 'விடு'. சம்பந்தமில்லாத பொருள்கள் என்று தோன்றியது ஆங்கிலத்தின் குறைதான், தெஹாரின் குறை இல்லை. இலக்கணத்தில் மட்டும் ஒரு கண் வையுங்கள். பழக்கத்தை விடும்போது இடையில் 'தே' வரும், பேச விடும்போது வராது. அந்தத் 'தே' விழுந்துவிட்டால் 'புகைப்பதை விட்டார்' என்பது 'புகைக்க விட்டார்' என்று தலைகீழாகிவிடும்.

இந்த உறவு எவ்வளவு தூரம் நீளும்? பஸ்ஸோடு முடியும். 'பஸ்ஸை விட்டுவிட்டேன்' என்பதற்குத் தெஹார் வராது, பெர்தேர் வர வேண்டும், அதாவது தொலைப்பது. ஊரையும் வீட்டு மனிதர்களையும் 'மிஸ்' பண்ணுவது வேறு: ஸ்பெயினில் "எச்சார் தே மேனொஸ்", லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் எக்ஸ்த்ரஞார்.

மற்ற இரண்டில், ஸலீர் என்பது ஓர் இடத்தைவிட்டு வெளியே வருவது, புறப்படுவது. ரயில் எட்டு மணிக்குக் கிளம்புவது ஸலீர். ஈர்ஸே என்பது இங்கிருந்து போய்விடுவது. 'போய்விடு' என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். ஈர் என்றால் போ, ஈர்ஸே என்றால் போய்விடு. தொர்மீர் தூங்கு, தொர்மீர்ஸே தூங்கிவிடு. கொமேர் சாப்பிடு, கொமேர்ஸே மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. வினையின் வாலில் ஒட்டும் அந்த 'ஸே' எப்போதும் இப்படி இருக்காது, தன்னையே குறிக்கும் வேலையும் அதற்கு உண்டு. ஆனாலும் இந்த மூன்று வினைகளில் நம் துணைவினை 'விடு'வின் வாசனை அடிக்கிறது. ஆங்கிலத்தில் விளக்க அரைப் பக்கம் பிடிக்கும் சங்கதி இது.

நாலாம் படி: போக்கையும் வரவையும் தனியாகச் சரிபாருங்கள்

'டேக்' என்று வந்தால் முதலில் எங்காவது கொண்டுபோகிறோமா என்று பாருங்கள். ஆம் என்றால் யெவார். குடையைக் கொண்டுபோவதும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போவதும் அதுதான். கொண்டுவருவது த்ரஏர்.

ஆனால் இங்கே தமிழ் நம்மைக் குழியில் தள்ளும், கவனம். வாசலில் யாரோ பெல் அடிக்கிறார்கள். 'இதோ வரேன்' என்று குரல் கொடுக்கிறோம். ஸ்பானிஷில் "யா வோய்", அதாவது 'இதோ போகிறேன்'. நண்பருக்குப் போன் போட்டு 'உங்க வீட்டுக்கு வரேன், வரும்போது புத்தகத்தைக் கொண்டுவரேன்' என்கிறோம். ஸ்பானிஷில் அதுவும் 'போகிறேன், கொண்டுபோகிறேன்'. நாம் கேட்பவர் பக்கம் நின்று 'வா' சொல்கிறோம். ஸ்பானிஷ்காரர் தான் நிற்கும் இடத்தை விட்டு நகரமாட்டார். பேசுபவர் இருக்கும் இடத்தை நோக்கி வந்தால் மட்டும் வெனீர், த்ரஏர். மற்ற எல்லாம் ஈர், யெவார். இது எனக்குச் சரியாக இரண்டு வருஷம் பிடித்தது. 'போய்ட்டு வரேன்' என்று விடைபெறும் ஊரிலிருந்து வந்தவனுக்கு 'மே வோய்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புவது இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.

'டேக்'கின் மற்ற உருப்படிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். ஒன்றின் உள்ளேயிருந்து வெளியே எடுப்பது ஸக்கார்: ஏடிஎம்மில் பணம் எடுப்பது, குப்பையை வெளியே வைப்பது, போட்டோ எடுப்பது. பரீட்சையில் நல்ல மார்க் எடுப்பதும் ஸக்கார்தான், யாரிடம் யார் கற்றார்களோ. சட்டை, செருப்பு கழற்றுவது கித்தார்ஸே. 'இரண்டு மணி நேரம் ஆகும்' என்பது தர்தார். குடிப்பதும் மாத்திரை போடுவதும் முடிவெடுப்பதும் தொமார். பஸ் ஏறிப் போவதற்கு லத்தீன் அமெரிக்காவில் தொமார், ஸ்பெயினில் கொஹேர் அதிகம். கொஹேருக்கு ஆறாம் படியில் திரும்ப வருவோம்.

ஐந்தாம் படி: அகராதியை இரண்டு பக்கமும் திறங்கள்

இதுவரை சொன்ன சோதனைகளில் ஒரு வினை கிடைத்துவிடும். கிடைக்காதபோது அகராதிதான். அகராதியில் முதலில் வருவது அதிகம் புழங்குவதாக இருக்கலாம், அது உங்கள் வாக்கியத்துக்கு உரியதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் 'பணம்', 'கோப்பு', 'உயிர்' என்கிற மாதிரி சின்னக் குறிப்பு இருக்கும். அதைப் படிக்காமல் கீழே இறங்காதீர்கள். 'சேவ்' என்று தேடினால் பணம் சேமிக்க அஒர்ரார், கோப்பைச் சேமிக்க க்வர்தார், உயிரைக் காப்பாற்ற ஸல்வார் என்று அந்தக் குறிப்புதான் பிரித்துக் கொடுக்கும். 'ஸ்பெண்ட்' என்றால் பணத்துக்கு கஸ்தார், நேரத்துக்கு பஸார்.

கிடைத்த வினையை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடாமல் ஸ்பானிஷ் பக்கமிருந்து திரும்பத் தேடுங்கள். 1713இல் மாட்ரிட்டில் தொடங்கிய ரெயால் அகதேமியா எஸ்பாஞோலா, தன் அகராதியை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஸ்பானிஷிலேயே விளக்கம் இருக்கும் என்பதால் ஆரம்பத்தில் மிரட்டும். விளக்கம் முழுக்கப் புரியாவிட்டாலும் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் நிற்கும் சுருக்கக் குறிகளைப் படித்தால் போதும். செயப்படுபொருள் குன்றாத வினையா, குன்றிய வினையா, 'ஸே' ஒட்டி வருவதா என்று அவை சொல்லிவிடும். பள்ளியில் தமிழ் இலக்கணத்தில் படித்துவிட்டு மறந்துபோன அந்தப் பாகுபாடு இங்கே நேரடியாகப் பயன்படும். உங்கள் வாக்கியத்தில் 'எதை' என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் குன்றாத வினையைத் தேடுங்கள்.

ஆங்கிலச் சொல் மாதிரியே தோற்றம் உள்ள வினை கிடைத்தால் இரட்டைச் சந்தேகம் கொள்ளுங்கள். அஸிஸ்தீர் பெரும்பாலும் கூட்டத்திலோ வகுப்பிலோ கலந்துகொள்வது. அதென்தேர் என்றால் கவனிப்பது, கடைக்கு வந்தவரை உபசரிப்பது. ரெஅலிஸார் ஒரு வேலையைச் செய்து முடிப்பது, 'அட, அப்படியா' என்று உறைப்பது "தார்ஸே க்வென்தா". ஒரு நண்பருக்கு ஆதரவு தெரிவிக்க "தே ஸொபொர்தோ" என்று செய்தி அனுப்பியவரை எனக்குத் தெரியும். அவர் எழுதியது 'உன்னைச் சகித்துக்கொண்டிருக்கிறேன்'. ஆதரவுக்கு அபொயார்.

ஆறாம் படி: எந்த நாட்டில் பேசப்போகிறீர்கள்?

ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி. வினை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. கொஹேர் ஸ்பெயினில் ஒரு சாதுவான சொல். பஸ் பிடிப்பது, போனை எடுப்பது, சளி பிடிப்பது எல்லாம் அதுதான். மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது உடலுறவுக்கான கொச்சைச் சொல். ஸ்பெயினில் கற்ற ஸ்பானிஷோடு மெக்ஸிகோ போய், பஸ்ஸை என்ன செய்யப்போகிறேன் என்று அறிவிக்காதீர்கள். தொமார் சொல்லுங்கள், கையால் பிடிப்பதற்கு அகர்ரார் சொல்லுங்கள். தொமார் எங்கேயும் யாரையும் முகம் சுளிக்க வைக்காது. அதனால் புதிதாகப் படிப்பவர்கள் கொஹேரைப் புரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொண்டு, பேசும்போது தொமாரில் நிற்பது நல்லது. அகராதியில் பொருளுக்குப் பக்கத்தில் நாட்டின் பெயர்ச் சுருக்கம் இருந்தால், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

நோட்டுப் புத்தகம்

வினையைத் தனியாக எழுதி எதிரே பொருள் எழுதும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஸ்பானிஷில் இதை "தெஹே தே அஸேர்லோ" என்று சொல்ல வேண்டும், அதாவது 'அதைச் செய்வதை விட்டுவிட்டேன்'. இப்போது என் நோட்டில் இடது பக்கம் ஒரு தமிழ் வாக்கியம் இருக்கும், வலது பக்கம் அதன் ஸ்பானிஷ். வினையோடு ஒட்டிக்கொண்டு வரும் 'ஆ', 'தே', 'போர்' மாதிரி சின்னச் சொல்லைச் சிவப்பு மையில் எழுதுவேன், ஏனென்றால் மறந்துபோவது எப்போதும் அதுதான். ஒரே தமிழ் வினைக்கு இரண்டு ஸ்பானிஷ் வினைகள் வந்தால் இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்த வரியில் வைப்பேன். முதல் பக்கத்தில் முதல் இரண்டு வரிகள் இப்படி இருக்கின்றன:

அண்ணன் வங்கியில் வேலை செய்கிறான். "மி எர்மானோ த்ரபாஹா என் ஊன் பாங்கோ."
வாஷிங் மெஷின் வேலை செய்யவில்லை. "லா லவதோரா நோ ஃபுன்ஸியோனா."